பல்வங்கர் பாலு

தார்வாரிற் பிறந்த பல்வங்கர் பாலு, தீண்டாமையென்னுங் கொடுமைக்கு உட்பட்ட குடியினர். பூனா ஐரோப்பியர் சங்கத்தில் மாதம் 4 ரூபாய் ஊதியத்தில் ஆடுகளம் பேணும் ஊழியராயிருந்து, கிரெய்க் முதலிய துரைமார்க்குப் பயிற்சியின்பொருட்டு இடக்கையாற் பந்து வீசியே அவ்வித்தை கைவரப் பெற்றார். அத்திறங் கண்ட பூனா இந்துக்கள் அவரைத் தம் அணியிற் சேர்த்தனர். ஆயினும், களத்தில் அவர் தொட்ட பந்தைத் தாமுந் தொட்டவர்கள், இடைவேளையில் அவருக்குத் தேநீரை வெளியே நிறுத்தி மட்கலத்தில் அளித்தனர். பாலு அதனால் ஆட்டத்தைத் துறந்தாரல்லர். பம்பாய் சென்று, 1906-ஆம் ஆண்டில் இந்துக்கள் ஐரோப்பியரை வெல்லத் துணைநின்றார். 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக 114 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். இத்தகையாருக்கு மறுக்கப்பட்ட இந்து அணித் தலைமை, 1923-இல் அவர் தம்பி விட்டலுக்கே வாய்த்தது. சிறார்க்கு விளையாட்டுப் பயிற்றும் பெற்றோர், உடன் ஆடுவாரோடு ஒருங்கிருந்து உண்ணவும் பயிற்றுவாராக.