ரங்கப்பிள்ளை வீதியில் ஒரு மாளிகை

அரியாங்குப்பத்துக்காரர்களான எங்களுக்கு இடிபாடுகள் புதியவை அல்ல. ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. உரோமரோடு வாணிகம் நடந்த பட்டினம் என்று 1945-இல் வீலர் தோண்டிக் காட்டிய இடம் அது. ஊரில் பிரெஞ்சுக்காரரின் கோட்டை ஒன்றும் இருந்தது. அதன் தடத்தைக்கூட நான் கண்டதில்லை. இடிந்தவற்றைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இடியாமல் நின்றபடியே பொலிவிழந்த ஒரு வீட்டைப் பார்த்தபோதுதான் மனம் கனத்தது.

அந்த வீடு புதுவை ரங்கப்பிள்ளை வீதியில், பெரிய மார்க்கெட்டின் அருகே உள்ளது. மிதிவண்டியில் முருங்கப்பாக்கம், மரப்பாலம் கடந்து நகருக்குள் எத்தனை முறை போயிருப்பேன்! மீன்கூடைகளுக்கும் பூக்கடைகளுக்கும் இடையே அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை நூலகத்தில் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அங்கே வண்டியை நிறுத்தினேன்.

புதுவையின் பழைய மாளிகைகள் பல இன்று சுற்றுலா விடுதிகளாகிவிட்டன. சுவருக்குப் புதுச்சாயம், முற்றத்தில் மேசை நாற்காலி, வாசலில் கார்கள் என்று அவற்றுக்கு மறுவாழ்வு கிடைத்துவிட்டது. ரங்கப்பிள்ளை வீட்டுக்கு அந்த யோகம் இல்லை. ஒரு காலத்தில் தென்னாட்டுப் புலவர்களும் வணிகர்களும் தூதர்களும் காத்துக்கிடந்த வாசல் அது என்றால் வழிப்போக்கர் நம்பமாட்டார்.

1738-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட வீடு. கீழ்த்தளம் முழுவதும் நம்மவர் முறை: நடுவே முற்றம், சுற்றிலும் வேலைப்பாடமைந்த மரத்தூண்கள். மேல்தளமோ ஐரோப்பிய முறை: சுண்ணாம்புப் பூச்சில் பருத்த வெள்ளைத் தூண்கள், திறந்த மாடம். கீழே ஒரு தேசம், மேலே ஒரு தேசம். கட்டியவரின் வாழ்வும் அப்படித்தான் இருந்தது.

ஆனந்தரங்கர் 1709 மார்ச்சு 30-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளை. மைத்துனர் நைனியப்ப பிள்ளை புதுவையில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்தமையால் குடும்பம் இங்கே குடியேறியது. வந்த சில நாளிலேயே இடி விழுந்தது. ஆளுநரின் பகைக்கு ஆளான நைனியப்பர், சொத்தெல்லாம் பறிக்கப்பட்டுச் சிறையிலேயே 1717-இல் இறந்தார். அவர் குற்றமற்றவர் என்று பிறகு பிரான்சில் முடிவாயிற்று. பிறகு முடிவாகி என்ன பயன்? மகன் குருவப்பர் கடல் கடந்து நியாயம் கேட்கப் போய், கிறித்தவராகி, செவாலியே பட்டத்தோடு திரும்பினார். துரைமார் கொடுத்த மரியாதையை ஒரே நாளில் துரைமாரே பறிக்கவும் முடியும் என்ற பாடம் எட்டு வயதுச் சிறுவனுக்குத் தன் வீட்டிலேயே கிடைத்துவிட்டது. அவர் வாழ்க்கை முழுவதையும் நான் இந்த நிகழ்ச்சியை வைத்தே படிக்கிறேன்.

பரங்கிப்பேட்டைப் பண்டகசாலையில் பொறுப்பேற்று வாணிகத்தில் உயர்ந்தார். ஆனந்தப்புரவி என்ற சொந்தக் கப்பலும் ஓட்டினார். 1742-இல் டூப்ளே ஆளுநராக வந்தார். கனகராய முதலியார் 1746-இல் மறைந்தபின், 1747-இல் தலைமைத் துபாஷிப் பதவி ஆனந்தரங்கருக்கு வந்தது. ஆளுநர் மாளிகைக்குள் மேளதாளத்தோடு பல்லக்கில் செல்லலாம், காலணி அணியலாம், தங்கப்பூண் பிடித்த கைத்தடி ஏந்தலாம். முசாபர் சங் மூவாயிரம் குதிரைக்கு மன்சப்தார் ஆக்கினார். வடமொழியிலும் தெலுங்கிலும் தமிழிலும் அவர்மேல் நூல்கள் எழுந்தன.

இத்தனை சிறப்புக்கும் இடையே 1748 வந்தது. ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பாஸ்கவன் புதுவையை முற்றுகையிட்டார். முதலில் அடிபட்டது எங்கள் ஊர்தான். அரியாங்குப்பக் கோட்டையில் பிரெஞ்சுக்காரரின் வெடிமருந்தே தீப்பற்றி வெடிக்க, அவர்கள் கோட்டையைக் கைவிட்டு நகருக்குள் ஒடுங்கினர். பரதி என்ற பேர்பெற்ற தளபதியும் அந்தப் போரில் மாண்டார். மழைக்காலம் நெருங்கவே, அக்டோபரில் பாஸ்கவன் முற்றுகையை விட்டுப் போனார். எங்கள் ஊர்ப் பள்ளியில் இதை யாரும் சொல்லித் தந்ததில்லை என்பது என் குறை.

அதே முற்றுகையின்போது, செப்டம்பரில், பழைய வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அதை அகற்ற வேண்டுமென்று பல்லாண்டாக வற்புறுத்தி வந்த பாதிரியாருக்கு டூப்ளேயின் மனைவி துணை நின்றார். ஊர்ப் பெரியவர்கள் துபாஷியிடம் ஓடி வந்தனர். நாட்டில் எவரும் பெறாத மரியாதை பெற்றவர், ஆளுநரிடம் நினைத்த நேரத்தில் பேசக்கூடியவர், அந்த நாளில் ஒன்றும் செய்ய இயலவில்லை. மூர்த்திகளைக் காளத்தீசுவரர் கோயிலுக்குக் கொண்டுசெல்வதே நடந்தது. அவர் நெஞ்சுரமற்றவர் என்று சிலர் கூறுவர். நைனியப்பரின் சிறையை நினைத்தால் அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குற்றமில்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவர் அன்று செய்ததெல்லாம், வீடு திரும்பி நடந்தவற்றையும் தம் வேதனையையும் எழுதி வைத்ததுதான்.

அப்படி எழுதும் வழக்கம் 1736 செப்டம்பர் 6-இல் தொடங்கியது. கப்பல் வந்தது, போனது, சரக்கின் விலை, யார் யாரைப் பற்றி என்ன கோள் சொன்னார், எந்தத் தண்டனை எங்கே நிறைவேறியது, தமக்கு யார் எழுந்து நின்றார், யார் நிற்கவில்லை என எல்லாம் உண்டு. புலவர் நடையில் அல்ல, பேசுகிற தமிழில். பாரசீகமும் போர்ச்சுக்கீசியமும் கலந்த அந்த நடை முதலில் தடுக்கும். பத்துப் பக்கம் கடந்தால் பழகிவிடும். பிரபஞ்சனின் மானுடம் வெல்லும், வானம் வசப்படும் ஆகிய நாவல்கள் இந்த ஊற்றிலிருந்து பிறந்தவையே.

1754-இல் டூப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். அதன்பின் பல்லக்குக்கும் கைத்தடிக்கும் பொருள் குறைந்தது. நோயும் சேர்ந்தது. 1756-இல் துபாஷிப் பதவியும் போயிற்று. எழுதுவதை மட்டும் அவர் விடவில்லை. 1760-இல் ஆங்கிலேயர் மீண்டும் சூழ்ந்தனர். நகரம் பட்டினி கிடந்தது. 1761 சனவரி 16-இல் புதுவை வீழ்ந்தது. அந்த நாட்களிலேயே ஆனந்தரங்கரும் கண்மூடினார். வென்றவர்கள் கோட்டையையும், டூப்ளே ஆசையோடு எழுப்பிய ஆளுநர் மாளிகையையும் வெடிவைத்துத் தகர்த்தனர். துபாஷி பல்லக்கில் நுழைந்த அந்த மாளிகை போய்விட்டது. அவர் திரும்பி வந்து எழுதிய வீடு தப்பியது.

ஏடுகளை 1846-இல் கலுவா மொம்ப்ரேன் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் அரசு வெளியிட்டது.

நான் போன அன்று மழை பிடித்துக்கொண்டது. வீட்டெதிரே ஒரு கடை ஓரமாக ஒதுங்கி நின்றேன். மேல்மாடத் தூண்களில் சாயம் உரிந்த இடமெல்லாம் ஈரம் ஏறிக் கறுத்தது. கடைக்காரர் இது யார் வீடு தெரியுமா என்று என்னையே கேட்டார். சொன்னேன். ரங்கப்பிள்ளை என்றால் வீதிப் பெயர் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்ததாகக் கூறிச் சிரித்தார். நாட்குறிப்பு அவர் சாவோடு நிற்கவில்லை என்பதையும் அவருக்குச் சொன்னேன். தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை, பெரியப்பா விட்ட எழுதுகோலை எடுத்து, ஊர் வெறிச்சோடிக் கிடந்த அந்த ஆண்டிலேயே மேலும் எழுதத் தொடங்கினார்.