வள்ளல் நஃபீல்டு

இளமையில் கொள்ளும் விருப்பம் எல்லார்க்கும் கைகூடுவதில்லை. கைகூடாத விருப்பம் சிலர் உள்ளத்தில் கசப்பாகத் தங்கிவிடும். சிலர் உள்ளத்திலோ பிறர்க்கு உதவும் அறமாக மலரும். மோட்டார் வண்டித் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய வில்லியம் மாரிஸ் இரண்டாம் வகையினர். நஃபீல்டுப் பிரபு எனப் பிற்காலத்தில் அழைக்கப்பெற்றவர் இவரே.

மாரிஸ் 1877ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள் இங்கிலாந்தில் வூஸ்டர் நகரில் பிறந்தார். அவர் சிறு குழந்தையாய் இருந்தபோதே குடும்பம் ஆக்ஸ்போர்டுப் பகுதியில் குடியேறியது. உடன்பிறந்தாருள் அவரே மூத்தவர். அறுவை மருத்துவராக வேண்டும் என்பது அவருடைய இளமை வேட்கை. ஆனால், தந்தையார் நோயுற்றமையால் குடும்பச் சுமை அவர் தோள்மேல் விழுந்தது. பதினைந்து வயதளவில் பள்ளியை விட்டு, மிதிவண்டிக் கடை ஒன்றில் தொழில் பழகச் சென்றார். சில திங்கள் கழிந்தபின் ஊதியத்தைச் சற்றே உயர்த்துமாறு வேண்டினார், முதலாளி இசையவில்லை. உடனே அவ்வேலையினின்று நீங்கி, 4 பவுண்டுப் பணத்தை முதலாகக் கொண்டு, 1893இல் தம் வீட்டிலேயே மிதிவண்டி செப்பனிடத் தொடங்கினார்.

செப்பனிடுவதோடு அமையாமல் தாமே மிதிவண்டிகளைச் செய்தார். அவற்றில் ஏறிப் பந்தயங்களிலும் வென்றார். வண்டியின் உறுதிக்கு அவ்வெற்றிகளே சான்றாயின. பின்னர் மோட்டார் சைக்கிள்களும் செய்தார். ஆயினும், பிறரோடு கூட்டுச் சேர்ந்து நடத்திய வணிகம் 1904இல் நொடித்தது. நாள்தோறும் கையாண்ட கருவிகளே ஏலத்திற்கு வந்தன. மாரிஸ் 50 பவுண்டு கடன் பெற்று, தம் கருவிகளைத் தாமே ஏலத்தில் எடுத்தார். தொழிலை மீண்டும் தொடங்கினார்.

1912இல் மோட்டார் வண்டி செய்யும் நிறுவனம் ஒன்றை நிறுவினார். மறு ஆண்டில் 'மாரிஸ் ஆக்ஸ்போர்டு' என்னும் வண்டி வெளிவந்தது. எல்லா உறுப்புகளையும் தாமே செய்ய அவர் முற்படவில்லை. எஞ்சினையும் அச்சையும் மேற்கூட்டையும் அவ்வத் தொழிலில் வல்லாரிடம் வாங்கி, கௌலி என்னும் ஊரில் அமைந்த தம் தொழிற்சாலையில் அவற்றை இணைத்தார். அதனால் சிறு முதலிலேயே தொழில் நடந்தது. முதல் உலகப் போருக்குப்பின் வணிகம் மந்தமுற்று, வண்டிகள் விலைபோகாமல் தேங்கின. 1921இல் மாரிஸ் துணிந்து விலையைப் பெரிதும் குறைத்தார். விலை குறையவே வாங்குவோர் பெருகினர். 1925இல் மட்டும் 50,000க்கும் மேற்பட்ட வண்டிகள் விற்பனையாயின. மாரிஸ் ஆக்ஸ்போர்டு வரிசையில் பின்னாளில் வந்த வண்டியொன்றின் அமைப்பைத் தழுவியதே, நம் நாட்டில் 2014 வரை செய்யப்பெற்ற அம்பாசிடர் வண்டியாகும்.

செல்வம் குவிந்தபோதும் மாரிஸ் தம் இளமை வேட்கையை மறந்தாரல்லர். தாம் மருத்துவராக இயலாவிடினும், மருத்துவம் வளரத் துணைசெய்ய இயலும் என உணர்ந்தார். 1936இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் 20 இலட்சம் பவுண்டு வழங்கினார். மயக்க மருந்தியலுக்கெனத் தனியே ஒரு பேராசிரியர் வேண்டும் என்றும் வலியுறுத்தினார். அதற்கு அறிஞர் சிலர் தயங்கினர், அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

அக்காலத்தில் இளம்பிள்ளை வாதத்தால் மூச்சுத் தசைகள் செயலிழந்து பலர் மாண்டனர். அன்னோர்க்கு உதவுவது 'இரும்பு நுரையீரல்' என்னும் பொறி. தலை மட்டும் வெளியே இருக்க, நோயாளியின் உடலைப் பெட்டியினுள் கிடத்துவர். பெட்டியிலுள்ள காற்றழுத்தம் மாறி மாறிக் குறைந்து கூட, மார்பு விரிந்து சுருங்கும், மூச்சு இயங்கும். இப்பொறியின் விலையோ மிகுதி. ஆஸ்திரேலியராகிய எட்வர்டு போத் என்பார் ஒட்டுப்பலகையால் அதனை எளிதாகச் செய்யும் முறையைக் கண்டார். 1938இல் இதனை அறிந்த நஃபீல்டு, தம் கௌலித் தொழிற்சாலையிலேயே அப்பொறிகளைச் செய்வித்தார். பிரிட்டிஷ் பேரரசில் எந்த மருத்துவமனை கேட்டாலும் விலையின்றி அளிக்க முன்வந்தார். அவ்வாறு அளிக்கப்பெற்றவை 1,000க்கும் மேற்பட்டன.

1943இல் கல்விக்கும் மருத்துவத்திற்கும் பிற நற்பணிகட்கும் உதவ, 1 கோடி பவுண்டு மதிப்புள்ள அறக்கட்டளையை அமைத்தார். மக்கட்பேறு இல்லாத அப்பெருமகனார் 1963ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22ஆம் நாள் மறைந்தார்.

அறுவை மருத்துவராகியிருந்தால் அவர் சில ஆயிரவர்க்கு உதவியிருப்பார். வறுமை அவ்வழியை அடைத்தது. ஆயினும், அவர் உழைத்து ஈட்டிய பொருள், அவர் கண்டறியாத ஊர்களிலும் எண்ணற்றோர்க்கு உயிர்மூச்சாயிற்று. ஒரு வழி அடைபட்டதென்று மனம் தளராமல், கிடைத்த வழியில் முயன்று உயர்ந்து, உயர்ந்தபின் பிறர்க்கு உதவுவதே வாழ்வின் பயன் என்பதை அவர் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.