கதிர் அளந்த காரிகை

மார்கழி மாதத்து விடியலில் எங்கள் ஆனைமலைத் தென்னந்தோப்புகளுக்குள் நடந்திருக்கிறீர்களா, தோழியரே? புல் நுனியெல்லாம் பனித்துளி பூத்து நிற்கும். களத்தில் கொப்பரை காயப்போட்டிருப்பவர்கள் பொழுது சாயும் முன்னரே அதை வாரிக் குவித்துத் தார்ப்பாயால் மூடிவிடுவார்கள். வானம் தெளிந்திருந்தால் பனி அதிகம், மேகம் மூடியிருந்தால் குறைவு என்பது என் அம்மிச்சிக்கு அத்துப்படி. ஏன் அப்படி என்று கேட்டால் மட்டும், அதெல்லாம் ஆண்டவன் கணக்கு என்று சொல்லிவிடுவார்.

அந்தக் கணக்கை ஒரு பெண்மணி உண்மையாகவே அளந்து பார்த்திருக்கிறார். அவர்தான் அன்னா மணி அம்மையார்.

பகலில் வெயில் குடித்த பூமி, இரவில் அந்தச் சூட்டைக் கண்ணுக்குப் புலப்படாத ஒளியாக வானை நோக்கி அனுப்புகிறது. அகச்சிவப்புக் கதிர் என்பது அதற்குப் பெயர். 1800-ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷெல் என்ற வானியல் அறிஞர் வெயிலை முப்பட்டகத்தால் நிறம் நிறமாகப் பிரித்தார். சிவப்பு நிறம் முடிந்த இடத்திற்கு அப்பால், ஒளியே இல்லாத பகுதியில் வெப்பமானியை வைத்தார். அங்கேயும் சூடு ஏறியது! அன்றுதான் இக்கதிர் மனிதருக்கு அறிமுகமாயிற்று. மேகம் இக்கதிரை வாங்கிக்கொண்டு, தானும் கீழ்நோக்கிக் கதிரை அனுப்பும். மேகம் இல்லையென்றால் சூட்டின் பெரும்பகுதி தப்பிப் போய்விடும், நிலம் குளிரும், பனி இறங்கும்.

அன்னா மணி 1918 ஆகஸ்டு 23-ஆம் நாள், அன்றைய திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்தார். அதுவும் நம்முடைய மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள ஊர்தான். தந்தையார் பொறியாளர்; ஏலத்தோட்டம் உடையவர். எட்டுப் பிள்ளைகளில் இவர் ஏழாவது. ஆண்பிள்ளைகள் பெரிய உத்தியோகத்துக்கும் பெண்பிள்ளைகள் கல்யாணத்துக்கும் என்று வளர்க்கப்பட்ட வீடு அது. எட்டாவது பிறந்தநாளன்று குடும்ப வழக்கப்படி அவருக்கு வைரத்தோடு வந்தது. சிறுமி அதை வேண்டாம் என்று சொல்லி, பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் வாங்கித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டார். இதை அம்மிச்சியிடம் சொன்னபோது அவர் என் காதையும் தம் காதையும் தொட்டுப் பார்த்துவிட்டு, வைரத்தை யாராவது வேண்டாமென்பார்களா என்று நெடுநேரம் வியந்துகொண்டிருந்தார்.

வேண்டாமென்ற வைரம் அவரை விடவில்லை என்பதுதான் வேடிக்கை. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து 1939-இல் பட்டம் பெற்ற அவர், மறு ஆண்டு உதவித்தொகை பெற்றுப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே அவரிடம் ஒப்படைக்கப்பட்டவை வைரங்கள்! ஒன்றல்ல, இரண்டல்ல; முப்பதுக்கும் மேற்பட்டவை.

பொருள்களின் அணுக்கள் சும்மா இருப்பதில்லை; சுருள்வில்லில் கட்டிய குண்டுகளைப் போல ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அந்த அதிர்வை அறிய இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று இராமன் விளைவு: ஒளியைப் பாய்ச்சி, சிதறி வருவதில் நிறம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்ப்பது. மற்றொன்று அகச்சிவப்பு: எந்த அலைநீளத்தைப் பொருள் விழுங்கிக்கொள்கிறது என்று பார்ப்பது. ஒவ்வொரு வேதிப் பிணைப்பும் தனக்குரிய அலைநீளத்தையே விழுங்கும். ஆகையால் இது கைரேகை போன்றது. இன்றைய வேதியியல் கூடங்களில் மருந்தையும் பிளாஸ்டிக்கையும் இன்னதென்று கண்டுபிடிப்பது இப்படித்தான். வைரங்களில் இரண்டு வகை உண்டு என்று 1934-இல் பிரித்துக் காட்டியதிலும் அகச்சிவப்புக்குப் பங்கு உண்டு. அந்த வேறுபாட்டுக்குக் காரணம் வைரத்துக்குள் ஒளிந்திருக்கும் நைட்ரஜன் என்பது பின்னாளில் தெரிந்தது.

அன்னா மணி வைரங்களின் ஒளிர்தலையும் ஒளி விழுங்கலையும் இராமன் நிறமாலையையும் படம் பிடித்தார். ஒரு படத்துக்குப் பதினைந்து முதல் இருபது மணி நேரம் பிடிக்கும். பல இரவுகள் ஆய்வுக்கூடத்திலேயே கழிந்தன. 1942-க்கும் 1945-க்கும் இடையில் தம் ஒருவர் பெயரிலேயே ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார். 1945 ஆகஸ்டில் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார்.

பட்டம் கிடைக்கவில்லை. அவரிடம் எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்பது காரணம். செய்த வேலை குறைவு என்று யாரும் சொல்லவில்லை. ஒரு காகிதம் குறைவு, அவ்வளவுதான். எனக்கு இதைப் படித்தபோது கோபம் கோபமாக வந்தது. அவரோ அதைப் பெரிதாக எண்ணியவராகத் தெரியவில்லை. அந்த ஆய்வேடு இன்றும் பெங்களூர் இராமன் ஆய்வு நிறுவன நூலகத்தில் இருக்கிறது.

அதே ஆண்டு அரசு உதவித்தொகையுடன், போர்வீரர்களை ஏற்றிச் செல்லும் கப்பலில் ஏறி இங்கிலாந்து சென்றார். இயற்பியல் படிக்க நினைத்தவருக்கு அங்கே கிடைத்தது வானிலைக் கருவிகளைப் பற்றிய பயிற்சி மட்டுமே. கிடைத்ததைப் பிடித்துக்கொண்டார். 1948-இல் திரும்பி வந்து புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தபோது, நம் நாட்டில் மழைமானி முதலான எளிய கருவிகளுக்குக்கூட வெளிநாட்டை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. நூறு கருவிகளுக்குச் சற்றுக் குறைவாக, ஒவ்வொன்றுக்கும் திருத்தமான வரைபடம் ஆயத்தம் செய்து, இங்கேயே செய்ய வழிவகுத்தார். பிழையான அளவு எடுப்பதைவிட அளவு எடுக்காமலே இருப்பது மேல் என்பது அவர் கொள்கை.

1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு. அப்போது நாட்டின் பல இடங்களில் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நிறுவினார். வெயிலில் ஏறக்குறையப் பாதி ஆற்றல் அகச்சிவப்பாகத்தான் வருகிறது. ஆனால் வருவதை அளந்தால் போதுமா? திரும்பிப் போவதையும் அளக்க வேண்டாமா? நம்மைச் சூழ்ந்த காற்றில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் அகச்சிவப்பைக் கண்டுகொள்வதில்லை. நீராவியும் கார்பன் டை ஆக்சைடும்தான் அதை மறித்துப் பிடிக்கின்றன. எந்த உயரத்தில் எவ்வளவு மேலே போகிறது, எவ்வளவு கீழே வருகிறது என்பது தரையில் நின்றால் தெரியாது. அதற்காக இரவு நேரத்தில், வெயிலின் குறுக்கீடு இல்லாதபோது, பலூன்களில் கருவிகளைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். மேலிருந்து வரும் கதிரையும் கீழிருந்து எழும் கதிரையும் கருவி உணர்ந்து வானொலி மூலம் தரைக்குச் சொல்லும். இப்படி இந்திய வானில் எடுத்த அகச்சிவப்பு அளவுகளை அன்னா மணியும் உடன் பணியாற்றிய இருவரும் 1965-இல் உலக ஆய்வேடு ஒன்றில் வெளியிட்டார்கள். பூமி சூடேறுவதைப் பற்றி இன்று எல்லோரும் பேசுகிறோம். அப்பேச்சுக்கு அடிப்படையான கதிர் இதுதான்.

இதற்கிடையே 1963-இல் விக்ரம் சாராபாயின் வேண்டுகோளுக்கிணங்கத் தும்பா ஏவுதளத்தில் வானிலைக் கூடமும் அமைத்துக் கொடுத்தார். ஓசோனை அளக்கும் கருவியையும் நம் நாட்டிலேயே செய்ய வைத்தார். வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து 1976-இல் ஓய்வு பெற்றார். கதரே உடுத்தினார், திருமணம் செய்துகொள்ளவில்லை.

ஓய்வு என்பது பெயருக்குத்தான். 1980-இல் இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சு விவரங்களைத் தொகுத்துப் பெரிய கையேடு கொண்டுவந்தார். பிறகு காற்றைப் பிடித்துக்கொண்டார்! எந்த ஊரில் எந்த மாதம் எவ்வளவு வேகத்தில் காற்று வீசுகிறது என்று அளந்து எழுதினார். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து நம் வீட்டு ஓட்டைத் தூக்கும் காற்று, உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிறதே, அவற்றை எங்கே நடுவது என்று முடிவு செய்யும் கணக்கு இத்தகையதுதான்.

2001 ஆகஸ்டு 16-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் காலமானார். அப்போது நம்மில் யாரும் பிறக்கவில்லை. ஆனால் கொரோனாக் காலத்தில் நம் நெற்றிக்கு நேரே பிடித்தார்களே ஒரு துப்பாக்கி வெப்பமானி, அது நம் உடம்பு வெளிவிடும் அகச்சிவப்பைத்தான் அளந்தது. தொலைக்காட்சி ரிமோட்டின் முனையிலும் அதே கதிர்தான். கைப்பேசிக் கேமரா வழியாக அந்த முனையைப் பார்த்தால் பெரும்பாலும் மங்கலாக ஒளி மின்னுவது தெரியும்.

இதை நான் அம்மிச்சிக்குக் காட்டினேன். மூன்று முறை பொத்தானை அமுக்கிப் பார்த்தார். பிறகு, அந்தப் பொண்ணுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்த அப்பாரு நல்லவர்தான் என்று சொல்லிவிட்டு, களத்தை மூடப் போய்விட்டார்.