ஏலமலையில் பறவை தேடிய பெருமகனார்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே நோக்கினால், மலை முகட்டில் மழைமேகம் தங்கி நிற்பதைக் காண்கிறோம். அம்முகட்டிற்கு அப்பால் ஏலத்தோட்டங்கள். தெற்கே குமுளியை அடுத்துப் பெரியாறு நீர்த்தேக்கம். 1895-இல் அணை எழுந்தபோது நீரில் மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்னும் அங்கே தலை நீட்டி நிற்கின்றன. அவற்றின்மேல் நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் சிறகை விரித்து உலர்த்துகின்றன. குளிருக்கு அஞ்சி வடக்கேயிருந்து வந்த வாலாட்டிக் குருவிகள் ஓடையோரங்களில் வாலை ஆட்டியபடி இரை தேடுகின்றன. இம்மலைகளில் முகாமிட்டுத் தங்கிப் பறவைகளை முறையாகக் கணக்கெடுத்த பெருமகனாரே டாக்டர் சாலிம் அலி.

அவர் 1896 நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். மூன்று வயதிற்குள் தாய் தந்தை இருவரையும் இழந்து, மாமா வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன குருவி என்று அறிய, மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பினார். அங்கிருந்த மில்லார்டு என்னும் ஆங்கிலேயர் அன்புடன் விளக்கியதோடு, பதனிட்டு வைத்திருந்த பறவைகளையும் காட்டினார். சிறுவனின் வாழ்க்கைப் பாதை அன்றே திரும்பிற்று.

ஆயினும் அப்பாதை எளிதாக இல்லை. கணக்குப் பாடம் அவரைக் கல்லூரியிலிருந்து விரட்டியது. பின்னர்ப் புனித சவேரியார் கல்லூரியில், தாவரவியல் வல்லுநரான அருட்தந்தை பிளாட்டர் ஊக்குவிக்க, விலங்கியல் பயின்றார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அரசுப் பணி கிட்டவில்லை. ஜெர்மனியில் பயிற்சி பெற்று 1930-இல் திரும்பியபோது, அருங்காட்சியகத்தில் இருந்த வேலையும் பணப்பற்றாக்குறையால் நீக்கப்பட்டிருந்தது.

அவர் சோர்ந்துவிடவில்லை. சம்பளம் வேண்டாம், முகாம்செலவு தந்தால் போதும் என்று சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க முன்வந்தார். 1933-இல் திருவிதாங்கூருக்கு வந்தார். மறையூர், நம் மலைக்கு மேலுள்ள சாந்தன்பாறை, குமுளி, பெரியாறு ஏரி என முகாம்கள் மாறின. துணைவியார் தெஹ்மினாவும் வசதிகளைத் துறந்து உடன் வந்து, கூடார வாழ்வின் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார். அக்கால வழக்கப்படி சில பறவைகளைச் சுட்டும் சேகரித்தனர். ஆனால் கண்டவற்றை அன்றன்றே குறித்து வைத்த நோட்டே அவருடைய பெருஞ்செல்வம். 1939-இல் தெஹ்மினா மறைந்தார். ஆழ்ந்த துயரிலும் அவர் பணியைக் கைவிடவில்லை. 1941-இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய நூலையும், 1953-இல் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைப் பற்றிய நூலையும் வெளியிட்டார். 1976-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 1987 ஜூன் 20-ஆம் நாள் இயற்கை எய்தினார்.

2009-இல் பறவை ஆர்வலர்கள் அவர் சென்ற தடத்திலேயே மீண்டும் சென்று கணக்கெடுத்தனர். காடு எவ்வளவு மாறியது, எப்பறவை குறைந்தது என்று ஒப்பிட்டறிய அவருடைய பழைய குறிப்புகளே அளவுகோலாக உதவின. ஊதியமின்றிச் செய்த உழைப்பு முக்கால் நூற்றாண்டு கழித்தும் பயன் தந்தது!

அன்புத் தோழியரே, இம்மழைக்காலத்தில் நம் ஊர்க் கண்மாய்க்கும் புதிய விருந்தினர் வருவர். கல்லெறியாமல், ஓசையின்றி நின்று பார்ப்போம். நாளையும் பறவையையும் நோட்டில் குறிப்போம். பின்வரும் சிறுமியருக்கு அது பயன்படும்.