எஞ்சிய காற்றைத் தேடியவர்

நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில், மும்முனை மின்சாரம் வந்துவிட்டதா என்பதை அறிய என் தந்தையார் நள்ளிரவில் எழுந்து மோட்டார் அறைக்குப் போவார். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே வரிசையாக மூன்று சிறு விளக்குகள் இருக்கும். மூன்றும் எரிந்தால் தண்ணீர் பாய்ச்சலாம். ஒன்று அணைந்திருந்தாலும் மோட்டாரைப் போடக் கூடாது, காயில் கருகிவிடும். செம்மஞ்சள் நிறத்தில் சற்றே நடுங்கும் அந்த வெளிச்சம் என்னவென்று அன்று எனக்குத் தெரியாது. பிற்காலத்தில் முப்பது ஆண்டுகள் வேதியியல் ஆசிரியராக இருந்தேன். மந்த வாயுக்கள் ஆறையும் வரிசையாகச் சொல்லிக் கொடுத்து, ஆயிரக்கணக்கான மாணவர்களை மனப்பாடம் செய்ய வைத்தேன். மோட்டார் அறையில் எரிந்ததும் பாடப்புத்தகத்தில் இருந்ததும் ஒன்றே என்று ஒரு வகுப்பிலும் நான் சொன்னதாக நினைவில்லை. மதிப்பெண்ணுக்குப் பெயர்போன மாவட்டத்தில் அதற்கு மதிப்பெண் கிடையாது.

சென்ற ஆண்டு, சேலத்தில் மின்னணுக் கருவிகள் பழுதுபார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர், பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய ஆய்வகக் கருவியொன்றை என்னிடம் கொண்டுவந்தார். துடிப்புகளை எண்ணிக் காட்டும் பெட்டி அது. முகப்பில் ஆறு கண்ணாடிக் குமிழ்கள் இருந்தன. மின்சாரம் கொடுத்தபோது நான்கு இறந்து கிடந்தன, இரண்டு மட்டும் உயிர் பெற்றன. குமிழுக்குள் 0 முதல் 9 வரையிலான எண்களின் வடிவில் வளைக்கப்பட்ட மெல்லிய கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. எந்தக் கம்பிக்கு மின்சாரம் செல்கிறதோ, அந்த எண்ணைச் சுற்றி மட்டும் செம்மஞ்சள் ஒளி படிகிறது. எண் மாறும்போது ஒளி முன்னுக்கும் பின்னுக்கும் தாவுகிறது. இன்றைய திரைகளில் இல்லாத ஓர் ஆழம் அதில் இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளாகத் தெரிந்த வெளிச்சம் ஒன்றை அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்ததுபோல் இருந்தது.

இவற்றை நிக்ஸிக் குழாய்கள் என்பார்கள். வெற்றிடக் குழாய் வகையில் சேர்த்துப் பேசுவது வழக்கமென்றாலும், உள்ளே இருப்பது முழு வெற்றிடமன்று. காற்றை வெளியேற்றிவிட்டு, குறைந்த அழுத்தத்தில் நியான் வாயுவை அடைத்திருப்பார்கள். ஏறத்தாழ 170 வோல்ட் கொடுத்தால் எதிர்மின்வாயான கம்பியை ஒட்டி வாயு ஒளிர்கிறது. கம்பி சூடேறி எரிவதில்லை, அதைச் சுற்றியுள்ள நியான்தான் ஒளிர்கிறது. அந்த நியானை முதலில் கண்டவரைப் பற்றித்தான் எழுத வந்தேன். பாடப்புத்தகத்தில் அவருக்கு ஒரு வரி உண்டு. அவர் நம் நாட்டுக்கு வந்ததும், வந்து செய்ததும் அந்த வரியில் இல்லை.

வில்லியம் ராம்சே 1852 அக்டோபர் 2 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். சமயப் பணிக்குப் போவார் என்பது வீட்டாரின் எதிர்பார்ப்பு. கால்பந்து ஆட்டத்தில் கால் முறிந்து படுத்திருந்தபோது, வாணவேடிக்கைப் பொருள்கள் செய்வது எப்படி என்று தெரிந்துகொள்ளவே ஒரு வேதியியல் நூலைப் புரட்டினார் என்பார்கள். வெடிமருந்தில் தொடங்கிய ஆர்வம் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகம் வரை அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இருபது வயதை ஒட்டி, 1872-இல், முனைவர் பட்டம் பெற்றார். 1880-இல் பிரிஸ்டலிலும், 1887 முதல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியிலும் பேராசிரியரானார்.

அவருடைய கைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கண்ணாடியை உருக்கி, ஊதி, தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே செய்துகொள்ளும் தேர்ந்த கைவினைஞர் அவர். ஒரு கன சென்டிமீட்டருக்கும் குறைவான வாயுவை ஒரு துளியும் இழக்காமல் ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றத் தெரிந்தவர். அந்தத் திறமை இல்லாவிட்டால் பின்னர் நடந்தவை நடந்திருக்க மாட்டா.

1892-இல் ராலே பிரபு ஒரு சிக்கலை அறிவியல் உலகின் முன் வைத்தார். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் ஒரு லிட்டர் 1.257 கிராம் இருந்தது. வேதிச் சேர்மங்களிலிருந்து பெற்ற நைட்ரஜனோ 1.250 கிராம்தான். ஆயிரத்தில் ஐந்தாறு பங்கு வேறுபாடு. அளவையில் பிழை என்று தள்ளிவிட்டுப் போக எல்லா நியாயமும் இருந்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1785-இல், காவெண்டிஷ் காற்றிலுள்ள நைட்ரஜனையெல்லாம் நீக்கிப் பார்த்தபோது 120-இல் ஒரு பங்குக்கு மேற்படாத சிறு குமிழொன்று நீங்காமல் நின்றதைக் குறித்து வைத்திருந்தார். அதை எவரும் பொருட்படுத்தவில்லை.

ராம்சே பொருட்படுத்தினார். காற்றிலிருந்து பெற்ற நைட்ரஜனைச் செஞ்சூடான மக்னீசியத்தின் மேல் திரும்பத் திரும்பச் செலுத்தினார். மக்னீசியம் நைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும். சேலத்துக்காரர்களுக்கு மக்னீசியம் அந்நியமன்று. சேலத்தின் வெள்ளைக்கல் குன்றுகளில் வெட்டி எடுக்கப்படும் மேக்னசைட், மக்னீசியத்தின் தாதுதான். நாம் அதைச் சுட்டு உலைச் செங்கல் செய்கிறோம். ராம்சேயின் ஆய்வகத்தில் அந்த உலோகம் நைட்ரஜனைத் தின்று தீர்த்தபின், எதனோடும் சேர மறுக்கும் ஒரு வாயு எஞ்சி நின்றது. அதன் நிறமாலையில் அதுவரை எவரும் காணாத கோடுகள் இருந்தன. 1894 ஆகஸ்டில் ராலேயும் ராம்சேயும் அதை அறிவித்தனர். சோம்பேறி என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் ஆர்கான் என்று பெயரிட்டனர். நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் நூற்றில் ஏறக்குறைய ஒரு பங்கு அதுதான் என்பதை மனித குலம் அன்றுதான் அறிந்தது.

அடுத்த ஆண்டு கிளீவைட் என்னும் யுரேனியத் தாதுவைச் சூடாக்கியபோது அவருக்கு இன்னொரு வாயு கிடைத்தது. அதன் மஞ்சள் கோடு புதியதன்று. 1868 ஆகஸ்ட் 18-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தைக் காண குண்டூருக்கு வந்த பிரெஞ்சு அறிஞர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்திலிருந்து பார்த்த சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சனும் சூரியனின் விளிம்பில் கண்ட கோடு அது. சூரியனில் மட்டுமே இருப்பதாகக் கருதி ஹீலியம் என்று பெயர் வைத்திருந்தனர். அதைப் பூமியில் முதலில் பிடித்தவர் ராம்சே.

இரண்டு வாயுக்கள் கிடைத்ததும் தனிம அட்டவணையில் அவற்றுக்குத் தனியே ஒரு நிரல் வேண்டும் என்று கண்டார். நிரல் என்றால் இடையில் காலியிடமும் உண்டு. ஹீலியத்துக்கும் ஆர்கானுக்கும் நடுவே, அணு எடை 20 அளவில் ஒரு வாயு இருந்தாக வேண்டும் என்று 1897-இல் கனடாவின் டொராண்டோ நகரில் நடந்த அறிவியல் மாநாட்டில் உரையாற்றினார். கண்டுபிடிக்காத ஒரு பொருளைப் பற்றி முழு உரை நிகழ்த்தத் துணிவு வேண்டும்.

மறு ஆண்டு திரவக் காற்று அவர் கைக்கு எட்டியது. மாணவராயிருந்து உதவியாளரான மாரிஸ் டிராவர்ஸுடன் சேர்ந்து அதைச் சிறிது சிறிதாக ஆவியாக்கினார். 1898 மே மாத இறுதியில் கிரிப்டான் கிடைத்தது. ஜூன் மாதம், ஆர்கானைத் திரவமாக்கி அதன் இலேசான பகுதியைத் தனியே பிரித்து, மின்னிறக்கக் குழாயில் அடைத்து மின்சாரம் செலுத்தினர். புதிய தனிமத்தை உறுதிசெய்ய நிறமாலைமானியைப் பார்ப்பதே முறை. அன்று அதற்குத் தேவையே இருக்கவில்லை. குழாய் முழுவதும் செந்தழல்போல் ஒளிர்ந்தது, அப்படியொரு ஒளியை இருவரும் அதற்குமுன் பார்த்ததில்லை. ராம்சேயின் 13 வயது மகன் வில்லி, புதியது என்னும் பொருளில் நோவம் என்று லத்தீனில் பெயர் வைக்கச் சொன்னானாம். தந்தையார் அதையே கிரேக்கத்தில் நியான் என்று மாற்றிக்கொண்டார். ஜூலையில் செனானும் வந்தது. ஆறு வாரங்களில் மூன்று தனிமங்கள்! காற்றில் நியானின் பங்கு பத்து இலட்சத்தில் 18தான். அதனால் ஆகப்போகும் பயன் என்ன என்று அன்று கேட்டிருந்தால் அவரிடம் விடை இருந்திருக்காது.

அந்தக் கேள்வியை நம் நாட்டில்தான் அவர் எதிர்கொள்ள நேர்ந்தது. ஆராய்ச்சிக்கென்றே ஓர் உயர்கல்வி நிறுவனம் அமைக்க ஜாம்ஷெட்ஜி டாட்டா பெரும் சொத்தை ஒதுக்க முன்வந்திருந்தார். பதவியேற்க வந்த கர்சன் பிரபுவை 1898-இன் கடைசி நாளில் டாட்டாவின் குழுவினர் சந்தித்தனர். அங்கே படிக்கப் போதிய மாணவர் வருவார்களா, படித்து முடித்தவர்களுக்கு வேலை எங்கே இருக்கிறது என்பவையே கர்சனின் ஐயங்கள். இதே கேள்வியை எங்கள் மாவட்டத்துப் பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு ஜூன் மாதமும் கேட்டிருக்கிறேன். பெற்றோர் கேட்பதில் குற்றமில்லை, கடன் வாங்கிப் படிக்க வைப்பவர்கள் அவர்கள். ஓர் அரசு அதைக் கேட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடுவதுதான் எனக்கு ஒப்பாதது.

திட்டத்தை ஆராய்ந்து சொல்ல ராம்சே அழைக்கப்பட்டார். 1900-ஆம் ஆண்டின் இறுதியில் மனைவியுடன் வந்து நாட்டின் பல பகுதிகளைச் சுற்றிப் பார்த்தார். நிறுவனத்துக்கு ஏற்ற இடம் பெங்களூர் என்று பரிந்துரைத்தார். நாட்டின் தொழில்களோடு அது இணைந்து வளர வேண்டும் என்பதும் அவர் கருத்து. அவர் வகுத்த திட்டம் அளவுக்கு மீறியது என்று அரசு நினைத்தது. மேசன், கிளிபர்ன் என்ற இருவர் குழுவை அமைத்து அதைச் சுருக்கச் செய்தது. இழுபறியில் ஆண்டுகள் ஓடின. 1904-இல் டாட்டா இறந்தே போனார். ஆனால், பெங்களூர் மாறவில்லை. மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் கொடுத்தது. 1909-இல் இந்திய அறிவியல் கழகம் சட்டப்படி உருவாகி, 1911-இல் வேதியியலுக்கும் மின் தொழில்நுட்பத்துக்கும் மாணவர்களைச் சேர்த்தது. அதன் முதல் இயக்குநர் வேறு யாருமல்லர், நியான் குழாய் முதன்முதலில் ஒளிர்ந்தபோது ராம்சேயின் அருகே நின்ற அதே மாரிஸ் டிராவர்ஸ். சேலத்திலிருந்து ஓசூர் வழியாகச் சில மணி நேரத்தில் எட்டிவிடும் தொலைவில், நம் பிள்ளைகள் இடம் கிடைக்காதா என்று ஏங்கும் அந்த நிறுவனத்தின் இடத்தைச் சொன்னவர், மந்த வாயுப் பாடத்தில் ஒரு வரியாக நிற்பவர்தான்.

1904-இல் ராம்சேக்கு வேதியியல் நோபல் பரிசும், ராலேக்கு இயற்பியல் நோபல் பரிசும் கிடைத்தன. அதற்கு முந்தைய ஆண்டு, ரேடியத்திலிருந்து ஹீலியம் பிறப்பதை சாடியுடன் சேர்ந்து நிறுவியிருந்தார் ராம்சே. அதன்பின் அவர் சறுக்கினார். ரேடியம் வெளியிடும் வாயு செம்பை லித்தியமாக மாற்றுகிறது என்றும், நீரோடு சேர்ந்தால் நியானைத் தருகிறது என்றும் 1907-இல் அறிவித்தார். மேரி கியூரி கண்ணாடிக்கு மாறாகப் பிளாட்டினப் பாத்திரத்தில் அதே சோதனையைச் செய்தபோது லித்தியம் தோன்றவில்லை. அது கண்ணாடியிலிருந்தே வந்திருக்க வேண்டும். ரூதர்ஃபோர்டு இன்னொன்றைக் காட்டினார். கருவிக்குள் மிகச் சிறிதளவு காற்று கசிந்திருந்தாலே நியானின் ஒளி தெரிந்துவிடும். காற்றில் நியான் உண்டு என்று உலகுக்குச் சொன்னவரையே, காற்றிலிருந்த நியான் ஏமாற்றியது. கடல்நீரிலிருந்து பொன் எடுக்கும் முயற்சியொன்றுக்கும் அவர் துணைபோனார், பொன் வரவில்லை. முதல் உலகப் போர் மூண்டதும், தமக்குப் பட்டம் தந்த ஜெர்மனியின் அறிஞர்களைப் பற்றிக் கடுமையாக எழுதினார். அவர்மீது எனக்குள்ள மதிப்பு இவற்றால் குறைந்துவிடவில்லை. எனினும் இவற்றை மறைத்து எழுத மனமில்லை. மூக்கில் வந்த புற்றுநோயால் 1916 ஜூலை 23 அன்று இறந்தார்.

அவர் உயிரோடு இருந்தபோதே, 1910-இல், பாரிஸில் ஜார்ஜ் கிளாட் நியான் விளக்குகளை மக்கள் முன் காட்டிவிட்டார். திரவக் காற்றைத் தொழிலாகச் செய்த அவரிடம் நியான் உபரியாகக் குவிந்திருந்தது. எண் காட்டும் நிக்ஸிக் குழாயை அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் 1955-இல் கொண்டுவந்தது. ஆய்வகக் கருவிகளிலும் கணக்கிடும் பொறிகளிலும் அடுத்த இருபது ஆண்டுகள் அதுவே எண்களுக்கு முகம் தந்தது. செலவை மிச்சப்படுத்த, சோவியத் ஒன்றியத்தில் 2-ஐத் தலைகீழாகத் திருப்பி 5 ஆக்கிய குழாய்களும் உண்டு. 1967-இல் ஜப்பானில் நீலப்பச்சை நிறத்தில் ஒளிரும் உண்மையான வெற்றிடக் காட்சிக் குழாய் வந்தது. எழுத்துகளையும் எளிதில் காட்டும் அதுவும், பின்னர் எல்.இ.டி.யும் நிக்ஸியை ஓரங்கட்டின. டிராவர்ஸ் தம் ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றை 1956-இல் வெளியிட்டார். நிக்ஸி வந்து ஓராண்டு ஆகியிருந்தது.

எங்கள் மோட்டார் அறையிலும் இப்போது எல்.இ.டி.தான். சென்ற மாதம் ஃபியூஸ் போட வந்த ஒயர்மேனின் சட்டைப்பையில் டெஸ்டர் இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூவரையும் அழைத்து, பிளக்கில் வைத்துக் காட்டினேன். உள்ளே எரிவது நியான் என்றேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் அணு எண் 10 என்று உடனே சொன்னாள். பிறகு குனிந்து, நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.