முதல் ஊசி தமக்கே: அறிஞர் ஹாப்கின் வரலாறு

தடுப்பூசி என்றாலே அது கைக்குழந்தைகளுக்கு உரியது என்னும் எண்ணம் நம்மிடையே ஆழப் பதிந்துள்ளது. ஆயினும், ஹஜ் பயணம் புறப்படும் நம் பெரியோர்கள் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்ட பின்னரே விமானம் ஏறுகின்றனர். படையில் சேரும் இளைஞர்களும் ஊசிக்குக் கை நீட்டுகின்றனர். 2021-ஆம் ஆண்டில் கொரோனா ஊசிக்காக நாமும் வரிசையில் நின்றோம். குழந்தைக்காகத் தாய் இசைவு தருகிறாள். வளர்ந்தவனோ தானே இசைய வேண்டும். இந்திய மண்ணில் அவ்விசைவைப் பெறுவதற்காகத் தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளைச் செலவிட்டவர் வால்டெமர் ஹாப்கின்.

ஹாப்கின் 1860-ஆம் ஆண்டு, இரஷ்யப் பேரரசின் ஒடெசா நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் புகழ்மிகு அறிஞர் மெச்னிகோவிடம் விலங்கியல் பயின்றார். சமயம் மாறியிருப்பின் அங்கேயே உயர்பதவி கிட்டியிருக்கும். அவர் அதற்கு உடன்படவில்லை. ஜெனீவா சென்று, பின் 1889-இல் பாரிசை அடைந்து, பாஸ்டர் நிறுவனத்தில் நூலகப் பணியாளராக அமர்ந்தார். நூலகத்தில் இருந்து ஆய்வுக்கூடம் சென்றவர்கள் வேறு எவரேனும் உளரோ, நாம் அறியோம்.

அங்கே, வாந்திபேதி எனப்படும் காலராவின் கிருமிகளை வலுக்குறைத்து முதல் ஊசியாகவும், சில நாள் கழித்து வலுக்கூட்டி இரண்டாம் ஊசியாகவும் செலுத்தும் முறையை அவர் கண்டார். விலங்குகளிடம் வெற்றி கண்டபின், 1892 ஜூலை 18-ஆம் நாள் முதல் ஊசியைத் தம் உடம்பிலேயே செலுத்திக்கொண்டார். காய்ச்சல் கண்டது, தணிந்தது. பின்னரே நண்பர் சிலருக்குச் செலுத்தினார்.

1893 மார்ச்சில் அவர் கல்கத்தா வந்து சேர்ந்தார். அடுத்த மாதம் ஆக்ராவில் படைவீரர்களிடையே பணியைத் தொடங்கினார். பாசறையில் அனைவரும் ஒரே நீரைப் பருகி, ஒரே உணவை உண்டு, ஒரே கூரையின்கீழ் உறங்குவர். யார் நோயுற்றார், யார் மாண்டார் என்பதற்குப் பதிவேடும் உண்டு. ஆதலின் ஊசி போட்டோரையும் போடாதோரையும் ஒப்பிட அதனினும் ஏற்ற இடம் இல்லை. எனினும் ஊசி விருப்பத்திற்கு விடப்பட்டிருந்தமையால், பல பிரிவுகளில் முன்வந்தோர் சிறுபான்மையினரே. லக்னோவில் இருந்த ஆங்கிலப் படைப்பிரிவொன்றில், ஊசி போட்டு ஓராண்டுக்கு மேல் கழிந்தபின் காலரா பரவியபொழுது, இருசாராருக்கும் இடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை. மருந்தின் அளவு குறைவு; காப்பு நெடுநாள் நீடிக்கவும் இல்லை. ஹாப்கின் அதனை மறைக்காது தம் அறிக்கையிலேயே எடுத்துரைத்தார். இப்பண்பே அவரை நம் மனத்தில் உயர்த்துகிறது. 1895-க்குள் ஏறத்தாழ 42,000 பேர் அவரிடம் ஊசி பெற்றிருந்தனர்.

1896-இல் பம்பாயில் பிளேக் நோய் மூண்டது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் தாழ்வாரமொன்றில், சில உதவியாளர்களை மட்டும் கொண்டு அவர் புதிய ஊசிமருந்தைச் செய்தார். 1897 ஜனவரி 10-ஆம் நாள், வழக்கம்போல் தமக்கே முதலில். அம்மாத இறுதியில் பைகுல்லா சிறைச்சாலையில் நோய் தலைகாட்டியபொழுது, கைதிகளுள் ஏறக்குறையப் பாதிப்பேர் தாமே முன்வந்து ஊசி போட்டுக்கொண்டனர். போடாதோரில் 12 பேர் நோயுற்று 6 பேர் மாண்டனர்; போட்டோரில் 2 பேர் நோயுற்றும் எவரும் மாளவில்லை.

ஆயினும் நகர மக்கள் அஞ்சினர். அவ்வேளையில் முன்வந்தவர் கோஜா இஸ்மாயிலி சமூகத்தின் இளந்தலைவர் ஆகாகான். அகவை இருபதளவில் இருந்த அவர், தம் மாளிகை ஒன்றை ஹாப்கினின் ஆய்வுக்கூடத்திற்கு அளித்ததோடு, மக்கள் காணத் தாமே ஊசி போட்டுக்கொண்டார். அதன்பின் அச்சமூகத்தார் ஆயிரக்கணக்கில் முன்வந்தனர். யூதர் ஒருவரின் மருந்தை முஸ்லிம் தலைவர் ஒருவர் தம் கையில் ஏற்றுத் தம் மக்களைக் காத்தார் என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ள விழைகிறோம்.

இந்தியாவில் நிகழ்ந்த இப்பணி இங்கிலாந்திலும் எதிரொலித்தது. அங்கே படை மருத்துவப் பள்ளியில் இருந்த ஆல்ம்ரோத் ரைட் என்பார் டைபாய்டு காய்ச்சலுக்கு ஊசி கண்டார். 1899-இல் தென்னாப்பிரிக்காவில் மூண்ட போயர் போரில் அவ்வூசியை ஏற்ற பிரித்தானிய வீரர்கள் ஏறத்தாழ 14,000 பேரே. சென்ற படையோ மூன்று இலட்சத்திற்கும் மிகுதி. போர்க்கள மரணத்தினும் நோய் மரணம் மிகுந்தது. முதல் உலகப் போரில் அதே படையினர் மிகப் பெரும்பாலோர் ஊசி பெற்றிருந்தனர். டைபாய்டால் மாண்டோர் தொகையும் பெரிதும் குறைந்தது.

ஹாப்கினுக்கோ சோதனை வேறு வடிவில் வந்தது. 1902 அக்டோபர் 30-ஆம் நாள் பஞ்சாப் மாநிலத்து முல்கோவால் சிற்றூரில் 107 பேருக்குப் பிளேக் ஊசி போடப்பட்டது. ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் ரண ஜன்னி கண்டு இறந்தனர். மருந்துக்கூடத்தில் தூய்மைமுறையை மாற்றியதே காரணம் என ஹாப்கின் மீது பழி விழுந்தது. அவர் பணியினின்று விலக்கப்பட்டு, 1904-இல் இலண்டன் திரும்பினார். புட்டியைத் திறந்த இடத்திலேயே, கீழே விழுந்த இடுக்கியைச் செவ்வனே தூய்மை செய்யாது மீண்டும் கையாண்டனர் என்பது விசாரணைச் சான்றிலேயே இருந்தது. திறந்தபொழுது மருந்தில் கெட்ட நாற்றம் இல்லாமையும் நஞ்சு பின்னரே புகுந்ததெனக் காட்டியது. மலேரியா ஆய்வால் நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் உள்ளிட்ட அறிஞர் பதின்மர் 1907-இல் இலண்டன் நாளிதழில் அவருக்காக வாதிட்டனர். அவ்வாண்டிலேயே அவர் குற்றமற்றவர் என ஏற்கப்பட்டது. அதற்குள் ஐந்தாண்டுகள் கழிந்திருந்தன.

அவர் மீண்டும் இந்தியா வந்தார். பம்பாயில் அவர் அமர்ந்திருந்த இருக்கையில் வேறொருவர் இருந்தார். கல்கத்தாவில் பதவி தந்தனர். மனிதரிடம் சோதனை செய்யும் உரிமையைத் தரவில்லை. ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பினார். மணம் புரியாது தனித்தே வாழ்ந்தார். பம்பாய் பரேலில் அவர் வளர்த்த ஆய்வுக்கூடத்திற்கு 1925-இல் ஹாப்கின் நிறுவனம் எனப் பெயர் சூட்டினர். 1930 அக்டோபர் 26-ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அவர் காலமானார். இந்திய அஞ்சல்துறை அவர் உருவம் தாங்கிய அஞ்சல்தலையை 1964-இல் வெளியிட்டது.