குற்றம் பயனருடையது அன்று

சில ஆண்டுகளுக்கு முன், கட்டற்ற மென்பொருள் ஒன்றில் நான் எழுதிய நீண்ட கட்டுரை ஒரு நொடியில் மறைந்தது. மூடும்போது அது ஏதோ கேட்டது. வழக்கம்போல் நானும் பொத்தானை அழுத்திவிட்டேன். அது என் கவனக்குறைவு என்றே வெகுநாள் எண்ணியிருந்தேன். ஜெஃப் ரஸ்கினின் வாழ்வையும் எழுத்தையும் அறிந்த பிறகே அந்த எண்ணம் மாறியது.

1943இல் நியூயார்க்கில் பிறந்த ரஸ்கின், கணினி அறிவியல் பயின்றவர், இசையிலும் தேர்ந்தவர். சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கலையும் கணினியும் கற்பித்தார். 1978இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது அவருக்கு வாய்த்த பொறுப்பு, கையேடுகளை உருவாக்குவது. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒரு கருவி எங்கே குழப்புகிறது என்பது, அதைப் பிறருக்கு விளக்க முற்படுபவருக்கே முதலில் தெரியவரும்.

எளிய மனிதருக்கு மலிவான கணினி வேண்டும் என்று 1979இல் அவர் தொடங்கிய திட்டமே மெக்கின்டாஷ். தமக்குப் பிடித்த ஆப்பிள் வகையின் பெயரைச் சற்றே எழுத்து மாற்றிச் சூட்டினார். பின்னர் திட்டம் ஸ்டீவ் ஜாப்ஸின் கைக்குச் சென்றது. 1982இல் ரஸ்கின் வெளியேறினார். 1984இல் வெளிவந்த கணினி அவர் மனத்தில் இருந்ததிலிருந்து பெரிதும் வேறுபட்டிருந்தது. அவருடைய எண்ணப்படி 1987இல் வந்த கேனன் கேட், சுட்டியோ சின்னங்களோ இல்லாதது. விட்ட இடத்திலிருந்தே வேலையைத் தொடர வழி செய்தது. ஆனால், சந்தையில் அது நிலைக்கவில்லை.

தோல்விகளில் கற்றதையும் சேர்த்து 2000இல் ‘தி ஹியூமேன் இன்டர்ஃபேஸ்’ என்ற நூலை எழுதினார். மனித கவனம் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் நிலைக்கும். திரும்பத் திரும்பச் செய்வது பழக்கமாகிவிடும் என்பது அதன் அடிப்படை. நிச்சயமாக அழிக்கலாமா என்று ஒவ்வொரு முறையும் கேட்கும் கணினிக்கு, விரல் யோசிக்காமலே ஆம் என்று சொல்லப் பழகிவிடும். ஆகவே எச்சரிக்கை காப்பாற்றாது. செய்ததை மீட்டுக்கொள்ளும் வசதியே காப்பாற்றும். பயனரின் உழைப்பைப் பாதுகாப்பது கணினியின் முதற்கடமை என்றார் அவர்.

இறுதி ஆண்டுகளில், இக்கருத்துகளைச் செயலில் காட்ட ஒரு மென்பொருளை உருவாக்கி, அதன் மூல நிரலைப் பொதுவில் வைத்தார். ஆர்ச்சி எனப் பெயர் மாறிய அப்பணி முழுமை பெறுமுன், 2005 பிப்ரவரியில், 61ஆம் வயதில் கணையப் புற்றுநோயால் காலமானார்.

அவர் சொன்ன அனைத்தையும் உலகம் ஏற்கவில்லை; சுட்டியைப் பற்றிய அவருடைய ஐயத்தை நானும் ஏற்கவில்லை. ஆயினும், கட்டற்ற மென்பொருள் இயக்கம் அவரிடம் கற்க வேண்டியது மிச்சமிருக்கிறது. நிரலில் பிழை என்றால் உடனே திருத்த முனையும் பலர், பயனர் தடுமாறினால் அதை அவருடைய அறியாமை என்று ஒதுக்குகின்றனர். நிரலைப் படிக்கவும் மாற்றவும் உள்ள உரிமை, நிரல் அறிந்தவருக்கே நேரடியாகப் பயன்படுகிறது. மற்றவருக்கு அந்த மென்பொருள் என்பது திரையில் தெரிவது மட்டுமே.

புதிய பயனர் ஒருவரின் அருகில், குறுக்கிடாமல் ஒரு மணி நேரம் அமர்ந்து பாருங்கள் என்பதே உருவாக்குநர்களிடம் என் வேண்டுகோள். அவர் தயங்கும் ஒவ்வோர் இடத்தையும் பிழையாகவே பதிவுசெய்யுங்கள். விலையில்லாமல் கிடைக்கும் கருவி, பயன்படுத்தவும் இயன்றதாக இருந்தால்தான் அது மக்களுடையதாகும்.